10,00,001 பகா எண்ணா?

வணக்கம் சகோதரி. உயர்நிலை ஒன்றில் படிக்கும் உங்கள் மகள் 10,00,001-ஐ 97 வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்து, எதிலும் மீதியின்றி வகுபடாததால் "பகா எண்" என்று எழுதியிருக்கிறாள். அது பகா எண் அல்ல. ஆனால் அவள் உழைப்பு வீணே இல்லை, கேளுங்கள்.

ஓர் எண் பகா எண் இல்லையென்றால், அதன் வர்க்கமூலத்துக்குள்ளேயே அதை வகுக்கும் ஒரு பகா எண் இருக்கும். இந்த எண்ணின் வர்க்கமூலம் 1000-ஐச் சற்றே தாண்டும். அதனால் 1000 வரை போயாக வேண்டும். அவள் நிறுத்திய இடத்துக்கு அடுத்த பகா எண்ணே 101. அதற்கு ஓர் எளிய சோதனை: வலமிருந்து இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிக்கவும். 01 − 00 + 00 − 1 = 0. ஆக வகுபடும்: 101 × 9901.

9901 பகா எண்ணா? அதை அவளே நிரூபித்துவிட்டாள்! 9901-ஐ வகுக்கும் எண் 10,00,001-ஐயும் வகுக்கும். 97 வரை எதுவும் வகுக்கவில்லை. 100-இன் வர்க்கமே 9901-ஐ மிஞ்சிவிடுகிறது. எனவே 9901 பகா எண்தான். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அவளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

வகுத்திகள் நான்கே: 1, 101, 9901, 10,00,001. மேல்வகுப்பில் ஏ மேத்ஸ் (கூடுதல் கணிதம்) எடுத்தால், 100-இன் கனத்தோடு 1-ஐக் கூட்டினால் இந்த எண் வருவதைக் கொண்டு ஒரே வரியில் காரணிப்படுத்துவாள்.