15 இஞ்சி றிம்மைக் கழற்றி 16 போடலாமா?

உங்கள் ரொயோட்டா அக்சியோ காரில் இப்போது 175/65 ஆர்15 ரயர் என்கிறீர்கள். 16 போடலாம், ஆனால் றிம்மும் ரயரும் சேர்ந்த மொத்த விட்டம் பெரிதாக மாறக்கூடாது.

175 என்பது மில்லிமீற்றரில் ரயரின் அகலம், 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை வீதம் என்பது, 15 என்பது இஞ்சியில் றிம்மின் விட்டம். 175இல் 65 வீதம் 113.75 மில்லிமீற்றர். அதன் இரு மடங்கோடு றிம்மின் 15 இஞ்சியை, அதாவது 381 மில்லிமீற்றரைக் கூட்டினால் மொத்த விட்டம் 608.5. 195/50 ஆர்16 என்றால் 601.4, ஒரு வீதம் சொச்சம்தான் குறைவு, சரி. 205/55 ஆர்16 போட்டால் 631.9. வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், ஸ்டியரிங்கை முழுக்க வெட்டினால் மட்காட்டிலும் உரசலாம்.

பழைய றிம் வாங்கும்போது துளைகளை எண்ணினால் மட்டும் போதாது. துளை வட்டம் (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), நடுத்துளை, ஓஃப்செற் (றிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது) மூன்றும் பொருந்த வேண்டும். ரயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்று காட்டும் சுமைக் குறியீடும் பழையதைவிடக் குறையக்கூடாது.

நான் என்றால் 15ஓடு நிற்பேன். அழகுக்காக மெல்லிய ரயர் போட்டு, மாரியில் வெள்ளம் மூடிய ஒழுங்கைக் கிடங்கில் றிம்மை வளைத்தவன் நான்.