நாற்பத்தெட்டு நாள் சாமி

அன்புள்ள ஐயா,

எனக்கு 38 வயது. தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். தினமும் குடிக்கிறேன். சில மாதங்களாகக் காலையில் கை நடுங்குகிறது, ஒரு நைன்ட்டி போட்டால்தான் நிற்கிறது. குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போகச் சொல்கிறாள் மனைவி. நம் பக்கம் எங்கே நடக்கிறது? தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால்? அங்கே கடவுளைப் பற்றிப் பேசுவார்களாமே? எனக்கு மன உறுதி உண்டு ஐயா. மூன்று வருடம் சபரிமலைக்கு மாலை போட்டேன், 48 நாளும் ஒரு சொட்டு தொடவில்லை. அப்படிப்பட்டவனுக்குக் கூட்டம் தேவையா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடைசி வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். கேலி இல்லை. இதையே என் சித்தப்பா வருடா வருடம் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான்.

ராயபுரத்தில் எங்கள் வீடு. சித்தப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டால் ஆளே வேறு. விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளியல், காலில் செருப்பில்லை. வருடம் முழுக்க அவரோடு மல்லுக்கு நிற்கும் சித்தி, "சாமி, தோசை ஊத்தட்டா?" என்பாள். மலைக்குப் போய்த் திரும்பியதும் பாட்டி மாலையைக் கழற்றி ஐயப்பன் படத்தில் மாட்டுவாள். அரவணைப் பிரசாத டப்பாவை எங்கள் கையில் கொடுத்துவிட்டு, "இதோ வரேன்" என்று கிளம்புவார் சித்தப்பா. ராத்திரி நானும் அண்ணனும் போய்த் தூக்கி வருவோம். அரவணையின் பிசுபிசுப்பு அப்போதும் விரலில் இருக்கும்.

"நாற்பத்தெட்டு நாள் இருந்தேன்ல? நினைச்சா விட்டுடுவேன்" என்பார். நீங்கள் சொல்வது போலவேதான்.

அந்த 48 நாள் நீங்கள் தனியாகவா இருந்தீர்கள்? சாயங்காலம் ஆனால் பஜனை. குடிக்கத் தோன்றும் அந்த ஏழு மணிக்குச் சரியாக உங்களைச் சுற்றி இருபது பேர் சரணம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்க ஒரு குருசாமி. பதினெட்டு வருடம் மலை ஏறியவர் பக்கத்தில், கன்னிச்சாமி எதிரில். கட்டிங் போடக் கூப்பிடுகிறவன்கூடக் கழுத்து மாலையைப் பார்த்து ஒதுங்கிப் போனான். தெருவே காவல் இருந்தது. அதற்கு மன உறுதி என்று பெயர் வைத்து, மொத்தப் பெருமையையும் நீங்களே எடுத்துக்கொண்டீர்கள்! மாலையைக் கழற்றிய அன்று கூட்டம் கலைந்தது. உறுதியும் கூடவே கலைந்தது. காசிமேட்டில் தவக்காலம் நாற்பது நாள் சுத்தமாக இருந்துவிட்டு, ஈஸ்டர் மதியமே விழுந்து கிடப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அங்கேயும் இதே கதை. கூட்டம் தேவையா என்று கேட்கிறீர்கள். மூன்று வருடம் கூட்டத்தில்தானே ஐயா இருந்தீர்கள்.

ஏ.ஏ. பிறந்த கதையும் இதுதான். 1935-இல் பில் வில்சன் என்ற அமெரிக்கர், குடியை விட்டுச் சில மாதமே ஆனவர், வேலையாக ஆக்ரன் நகருக்குப் போன இடத்தில் காரியம் கெட்டுவிட்டது. ஓட்டல் வரவேற்பறையில் நிற்கிறார், பக்கத்தில் பார். உள்ளே போவதற்குப் பதிலாக, பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் கிடைப்பாரா என்று தேவாலயங்களுக்குப் போன் போட்டுத் தேடினார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப், அறுவை சிகிச்சை நிபுணர். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ.வின் பிறந்த நாளாக வைத்திருக்கிறார்கள்.

கடவுள் பற்றி: இருமுடி கட்டியவர் கேட்கிற கேள்வியா இது? அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்றுதான் அங்கே சொல்வார்கள். விடுங்கள். தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்கிறீர்கள். கடை வாசலில் உங்களைப் பார்க்காத ஆள் தண்டையார்பேட்டையில் மிச்சம் உண்டா? அவ்வளவு கூச்சம் என்றால் பஸ் ஏறிப் பெரம்பூர் பக்கம், கீழ்ப்பாக்கம் பக்கம் போங்கள். ஏ.ஏ. இந்தியா தளத்தில் ஊர்வாரியாகக் கூட்டங்களின் பட்டியல் இருக்கிறது. போதை மீட்பு உதவி எண் 14446-க்குப் போன் செய்தும் வழி கேட்கலாம், இலவசம். கூட்டத்துக்கும் கட்டணம் கிடையாது, குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்று போதும். உங்கள் மனைவி போல, குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு, அவரிடமும் சொல்லுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் திறக்கிறது. காலையில் உங்களுக்கு நைன்ட்டி ஏது? ராத்திரியே எடுத்து ஒளித்து வைக்கிறீர்கள். உடம்பு அந்த அளவுக்குப் போய்விட்டது. மாலை போட்ட காலம் மாதிரி இப்போது சட்டென்று நிறுத்தாதீர்கள். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அப்புறம் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், உயிரே போகலாம். முதலில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய் மனநலப் பிரிவில் காட்டுங்கள். கை நடுங்குவதை மறைக்காமல் சொல்லுங்கள். மனைவி யாரிடமோ வாங்கிச் சோற்றில் கலக்கும் குடி நிறுத்தும் மருந்து ஏதாவது இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். அது கலந்தது தெரியாமல் மேலே சரக்கு குடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் உண்டு.

சித்தப்பாவை ஐம்பது வயதுக்கு மேல்தான் கூட்டத்துக்கு அழைத்துப் போனோம். வெளியாட்களும் உட்காரலாம் என்ற நாள் அது. மாதா கோயிலை ஒட்டிய ஒரு அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள். டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் எனக்கு முழு டம்ளர் கொடுத்தார். சித்தப்பா கையைப் பார்த்துவிட்டு அவருக்கு அரை டம்ளர் ஊற்றினார். சிந்தவில்லை. ஒன்றும் கேட்காமல், அப்புறம் மீதி அரையை ஊற்றினார். நடுவில் இரண்டு முறை மறுபடி குடித்து ஸ்லிப் ஆனார் சித்தப்பா, திரும்பவும் போனார். பிறகு அந்த அறையில் டீ ஊற்றுவது அவர் வேலையாயிற்று. புதிதாக வருகிறவரின் முகத்தைப் பார்க்க மாட்டார். முதலில் கையைத்தான் பார்ப்பார்.