வாழ ஏற்ற நகரம் என்று வியன்னாவையும் சிங்கப்பூரையும் சொல்கிறார்களே, மும்பையில் இல்லாத எது அங்கே இருக்கிறது?

நான் லிஃப்ட் பொறியாளன். முப்பது ஆண்டுகளாக அடுக்குமாடிகளின் வயிற்றுக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருப்பவன். சிங்கப்பூரில் ஐந்து ஆண்டு, வியன்னாவில் இரண்டு ஆண்டு, மற்றபடி மும்பை. ஊர்களைப் பற்றி என்னைக் கேட்டால் பதில் படிக்கட்டு, மாடி, வயதானவர்களின் முழங்கால் என்று ஒரே பக்கமாகச் சாயும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

வியன்னாவில் வேலை கிடைக்கும்போலிருக்கிறது, மும்பையை விட்டுப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியலில் வியன்னா மேலே, மும்பை கீழே என்பதையும் சுட்டிக்காட்டியிருக்கிறீர்கள். முதலில் அந்தப் பட்டியல் என்ன என்று பார்ப்போம். எகானமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு ஆண்டுதோறும் 173 நகரங்களுக்கு மதிப்பெண் போடுகிறது. நிலைத்தன்மைக்கு 25, பண்பாடும் சுற்றுச்சூழலும் சேர்த்து 25, மருத்துவத்துக்கு 20, உள்கட்டமைப்புக்கு 20, கல்விக்கு 10. மெல்போர்ன் 2011 முதல் 2017 வரை தொடர்ந்து ஏழு முறை முதலிடம். அடுத்து வியன்னா 2018, 2019, மறுபடி 2022 முதல் 2024 வரை. 2025இல் கோபன்ஹேகன் முந்திக்கொண்டது. மும்பையும் தில்லியும் கீழ்ப் பாதியை விட்டு ஏறுவதில்லை.

வாடகை எவ்வளவு என்பது இந்த மதிப்பெண்ணில் வராது. விலைவாசிக்கு அவர்கள் தனியாக வேறு பட்டியல் போடுகிறார்கள். வெளிநாட்டுக்கு அதிகாரிகளை அனுப்பும் கம்பெனிகள் அவர்களுக்கு எவ்வளவு ‘கஷ்டப்படி’ கொடுக்கலாம் என்று முடிவுசெய்யவும் இந்தக் கணக்கு பயன்படுகிறது. 80க்கு மேல் வாங்கிய ஊர் என்றால் படி கிடையாது. 50க்குக் கீழே போனால் சம்பளத்தில் 20 சதவீதம் வரை கூடுதல். நான் வேலை பார்த்த ஓர் இடத்துக்கு ஐரோப்பாவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பாந்த்ராவில் வீடு, கார், ஓட்டுநர், இவற்றுக்கு மேல் மும்பையில் இருப்பதற்கான கஷ்டப்படி. அதே அலுவலகத்துக்குச் செம்பூரிலிருந்து ஹார்பர் லைன் மின்ரயிலில் தொங்கிக்கொண்டு வந்த எனக்குக் காலணா இல்லை. கஷ்டத்தை என் தலையில் பற்று எழுதி, படியை அவர் பெயரில் வரவு வைத்தார்கள்.

அன்றிலிருந்து ஊர்களை அளக்க எனக்கு ஒரே அளவுகோல், என் அம்மா.

அம்மாவுக்கு 79 வயது. மும்பை மாட்டுங்காவில் 1936இல் கட்டிய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறாள். 57 படி, லிஃப்ட் கிடையாது. காலை ஏழரைக்குக் கீழே பாஜிவாலா குரல் கொடுத்ததும் பால்கனியிலிருந்து நைலான் கயிற்றில் ஒரு பிளாஸ்டிக் கூடை இறங்கும். கூடைக்குள் நூறு ரூபாய் நோட்டு, அது பறந்துவிடாமல் இருக்க அதன்மேல் சாவி தொலைந்துபோன பழைய பூட்டு ஒன்று. அவன் காயைப் போட்டு, மீதிச் சில்லறையைக் கறிவேப்பிலைக்கு அடியில் வைத்து, கயிற்றை இரண்டு முறை இழுப்பான். கொத்தவரங்காய் முற்றல் என்பதை அம்மா கூடை பாதி வழியில் வரும்போதே கண்டுபிடித்து அப்படியே திருப்பி இறக்கிவிடுவாள். அவனும் முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுப்பான். இருபது ஆண்டுப் பழக்கம்.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஊருக்கு வரும் உறவினர்கள் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் கூடை இறங்குவது அம்மா இறங்க முடியாததால்தான். ஆஸ்திக சமாஜக் கோயில் கூப்பிடு தூரம், ஃபைவ் கார்டன்ஸ் நடக்கிற தூரம். கோயிலுக்கு மாதம் இரண்டு முறை போனால் அதிகம். தோட்டத்துப் பக்கம் போய் ஓராண்டுக்கு மேலாகிறது.

மகன் லிஃப்ட் பொறியாளன், அம்மா வீட்டுக்கு லிஃப்ட் இல்லை என்றால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். காரணம் 1947இல் இருக்கிறது. அந்த ஆண்டு வந்த பம்பாய் வாடகைச் சட்டம், வாடகைகளை 1940 செப்டம்பர் மாத அளவில் நிறுத்திவைத்தது. 1999இல் புதுச் சட்டம் வந்து ஆண்டுக்கு 4 சதவீதம் ஏற்றலாம் என்றது. அடிப்படையே சில்லறைக் காசு என்றால் அதில் 4 சதவீதம் என்ன பெரிய தொகை? பகடி வீட்டில், அதாவது முதலில் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டுக் குறைந்த வாடகைக்கு இருக்கும் வீட்டில், அம்மா இன்று மாதம் 412 ரூபாய் கட்டுகிறாள். அந்த வாடகையில் வீட்டுக்காரர் எதற்கு லிஃப்ட் போடுவார்? கட்டடம் விழுந்து, கட்டுமானக்காரர் ஒருவர் வந்தால்தான் அவருக்கு லாபம். நாங்களே செலவு செய்கிறோம் என்றாலும் அவர் கையெழுத்து வேண்டும். கீழ்த்தளத்துக்காரர்கள் பங்கு தர மறுத்துவிட்டார்கள், அதையும் குற்றம் சொல்ல முடியாது. படிக்கட்டுக்கு நடுவில் கிணறு மாதிரி இருக்கும் காலி இடத்தை நாடா பிடித்து அளந்து வைத்திருக்கிறேன். ஒரு மீட்டருக்குச் சற்று மேல். இதே அளவுக் கிணற்றில் வியன்னாவில் லிஃப்ட் பொருத்தியிருக்கிறோம்.

வியன்னாவிலும் வாடகையை உறையவைத்தார்கள், அதுவும் நமக்கு முன்பே, 1917இல், போருக்கு நடுவில். அங்கேயும் நம் ஊரைப் போலவே தனியார் வீடு கட்டுவதை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் வேறு. நில விலை சரிந்ததும் நகராட்சி நிலத்தை வாங்கிக் குவித்தது. 1923இல் வீடு கட்டுவதற்கென்றே ஒரு வரி போட்டார்கள். மாளிகைக்காரருக்கு மிக அதிகம், சின்ன வீட்டுக்காரருக்குப் பெயருக்குக் கொஞ்சம். அந்தப் பணத்தில் 1934க்குள் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. ஹைலிகன்ஸ்டட் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே கார்ல் மார்க்ஸ் ஹோஃப் நிற்கும். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 1,382 வீடுகளோடு கட்டியது. சலவைக்கூடம், குழந்தைகள் பள்ளி, நூலகம், பல் மருத்துவம் எல்லாம் வளாகத்துக்குள்ளேயே. அந்தக் காலத்து நகராட்சிக் கட்டடங்களின் சுவரில், வியன்னா நகராட்சி வீட்டு வரிப் பணத்தில் கட்டியது என்று கொட்டை எழுத்தில் பொறித்திருப்பார்கள். நம் ஊரில் பஸ் நிறுத்தக் கூரையில்கூட எம்.எல்.ஏ. பெயர் இருக்கும், அங்கே பெயர் வரிக்கு.

அதே பத்தாண்டில் பம்பாயும் வரி போட்டது என்பதுதான் வேடிக்கை. 1920இல் பம்பாய் வளர்ச்சித் துறை (ஆங்கிலச் சுருக்கத்தில் பிடிடி) என்று ஒன்றைத் தொடங்கி, ஊருக்குள் வரும் பருத்திப் பொதி ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூபாய் வசூலித்து, வொர்லி, நாய்காவ், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய இடங்களில் ‘சால்’ எனப்படும் ஒற்றை அறைக் குடியிருப்புக் கட்டடங்கள் 207 கட்டினார்கள். இன்றும் பிடிடி சால் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒரு குடும்பத்துக்கு 160 சதுர அடியில் ஒற்றை அறை, கழிப்பறை நடைவழிக் கோடியில் எல்லோருக்கும் பொது. வியன்னாவில் அப்போது கொடுத்தது 38 அல்லது 48 சதுர மீட்டர், கழிப்பறையும் குழாயும் வீட்டுக்குள். நாற்பத்தெட்டு சதுர மீட்டர் என்றால் ஏறக்குறைய 517 சதுர அடி. நூறு ஆண்டு கழித்து இப்போது பிடிடி சால்களை இடித்துக் கோபுரங்கள் கட்டுகிறார்கள். அங்கே இருந்தவர்களுக்குக் கொடுப்பது 500 சதுர அடி வீடு.

வியன்னா நகராட்சிக்கு இன்று ஏறத்தாழ 2,20,000 வீடுகள் சொந்தம். கூட்டுறவு வீடுகளையும் சேர்த்தால் ஊரில் பாதிப் பேர் இப்படிப்பட்ட வீடுகளில் இருக்கிறார்கள். இருபதுகளில் லிஃப்ட் இல்லாமல் கட்டியவற்றில் பலவற்றுக்குப் பிறகு லிஃப்ட் பொருத்தினார்கள். வீட்டுக்காரர் நகராட்சி என்பதால் என் கட்டடத்தில் நடக்கிற கையெழுத்துச் சண்டை அங்கே இல்லை.

அம்மா 2014 கோடையில் அங்கே வந்து 90 நாள் இருந்தாள். சுற்றுலா விசாவில் அதற்கு மேல் இருக்க முடியாது. குழாய்த் தண்ணீர் அவளுக்கு அதிசயம். ஆல்ப்ஸ் ஊற்றுநீரை 1873 முதல் ஊருக்குள் கொண்டுவருகிறார்கள். கொதிக்க வைக்காமல் குடித்தாள். இரண்டாம் வாரத்திலிருந்து டிராமில் தனியாகப் போனாள். ஜெர்மன் ஒரு சொல் தெரியாது, எத்தனையாவது நிறுத்தம் என்று விரல் மடக்கி எண்ணிக்கொள்வாள். மாட்டுங்காவில் ஓராண்டில் வெளியே போனதைவிட அந்த மூன்று மாதத்தில் அதிகம் போயிருப்பாள்.

ஆனால் திரும்பி வரும் நாளுக்குக் காலண்டரில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஊர் அமைதி அவளைத் தின்றது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிவிடும், தெருவில் ஆள் இருக்காது. மாமி என்று கூப்பிட ஒருவர் இல்லை. பக்கத்து வீட்டம்மா தினமும் வணக்கம் சொல்வார், மூன்று மாதமும் வணக்கம்தான் சொன்னார். அந்த ஊருக்கு இதில் எத்தனை மதிப்பெண் குறைப்பீர்கள்? பட்டியலில் அதற்குக் கட்டமே இல்லை.

சிங்கப்பூரில் அந்தக் குறையும் இல்லை, அம்மாவைப் பொறுத்தவரை. தேக்கா சந்தையில் வாழைப்பூவுக்கு விலை பேசினாள், அறிவிப்புப் பலகைகளில் தமிழ் படித்தாள். லிஃப்ட்டுக்கு அங்கே ‘மின்தூக்கி’ என்று எழுதியிருக்கும். மகன் செய்கிற வேலைக்கு இவ்வளவு நல்ல பெயர் இருப்பது இத்தனை நாள் தெரியவில்லையே என்றாள். நான் 2004இல் அங்கே போனபோது வேலையே அந்த மின்தூக்கிகளோடுதான். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அங்கே எல்லோரும் சுருக்கமாக ‘வீவக’ என்பார்கள், 1960இல் தொடங்கியது. மக்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் அதன் வீடுகளில். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் செலவைக் குறைக்க லிஃப்ட் நாலைந்து மாடிக்கு ஒரு முறை மட்டும் நிற்கிற மாதிரி கட்டிவிட்டார்கள். கட்டும்போது குடிவந்தவர்கள் இளைஞர்கள், இரண்டு மாடி இறங்குவது பொருட்டில்லை. அவர்களே கிழவர்களானபோது பொருட்டாகிவிட்டது. 2001 முதல் ஒவ்வொரு புளோக்காக எல்லா மாடியிலும் நிற்கிற மாதிரி மாற்றினார்கள். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட புளோக்குகள். தோ பாயோவில் ஒரு சீனப் பாட்டி, ஒன்பதாம் மாடியில் கதவு திறந்ததும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று கதவு மூடித் திறப்பதை மூன்று முறை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக் கதவுக்கும் லிஃப்ட்டுக்கும் எட்டடி.

அங்கே எல்லாம் தருமம் என்று நினைத்துவிட வேண்டாம். 2006 தேர்தலில் எதிர்க்கட்சி வசமிருந்த ஹவ்காங், போத்தோங் பாசிர் தொகுதிகளில் இத்தகைய மேம்பாட்டு வேலைகளைக் காட்டித்தான் ஆளுங்கட்சி ஓட்டுக் கேட்டது. முதியவரின் முழங்கால் அங்கேயும் தேர்தல் சரக்கு. வெளியூர்க்காரனுக்கு இதெல்லாம் வாடகை அறை வரைக்கும்தான். வேலை போனால் பெட்டியைக் கட்ட வேண்டும். அம்மாவை நிரந்தரமாக வைத்துக்கொள்ள அன்று என் சம்பளம் போதவில்லை. ஐந்தாம் ஆண்டு திரும்பி வந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

மெல்போர்னைப் பற்றி என் தங்கை வழியாக மட்டுமே தெரியும். டார்னீட்டில் வீடு, தோட்டம், நல்ல பள்ளி. நகர மையத்தில் டிராம் இலவசம், ஆனால் அவள் மையத்தில் இல்லை. பால் வாங்கவும் கார்தான். கார் ஓட்டத் தெரியாத அம்மா அங்கே போனால் மாட்டுங்காவின் மூன்றாம் மாடிக்கும் அந்தத் தனி வீட்டுக்கும் வித்தியாசம் இருக்காது, கூடை இறக்க ஆளும் இருக்காது.

மும்பையைக் காப்பாற்றிப் பேச நான் வரவில்லை. ‘மும்பையின் மன உறுதி’ என்று வெள்ளம் வடிந்த மறுநாள் பேசுபவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது நான் சிங்கப்பூரில் இருந்தேன். லைன் கிடைக்காமல் தொலைபேசியோடு இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன். மன உறுதியை யார் கேட்டார்கள், வடிகால் கேட்டோம். குடிசை மறுவாழ்வுக் கோபுரங்களின் லிஃப்ட்டுகளையும் பார்த்திருக்கிறேன். 1995 முதல் அந்தத் திட்டம் நடக்கிறது, வீடு இலவசம். ஆனால் பராமரிப்புப் பணம் வசூலாகாமல் லிஃப்ட் நின்றுவிட்டால் பதினைந்தாம் மாடிக்குக் குடத்தோடு ஏறுபவர்களுக்கு அந்த இலவசம் என்ன விலை என்று தெரியும். தாராவியிலிருந்து அப்படி மாறிப்போன திருநெல்வேலிக்காரர் ஒருவர், பழைய இடத்தில் வீடு சின்னதாக இருந்தாலும் வாசல் தரையில் இருந்தது என்றார்.

ஆக, உங்கள் கேள்விக்கு: வியன்னாவில் வேலை கிடைத்தால் தயங்காமல் போங்கள். முப்பது வயதில் அந்த ஊர் கொடுப்பதை மும்பை கொடுக்காது. நகராட்சி வீடு போன உடனே கிடைத்துவிடும் என்று நம்ப வேண்டாம். இரண்டு ஆண்டு அந்த ஊரில் பதிவு செய்து இருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும், குடியுரிமை நிபந்தனைகளும் உண்டு. அதுவரை தனியார் வாடகைதான். பழைய கட்டடங்களில் வீடு பார்க்கும்போது எத்தனையாவது மாடி என்று மட்டும் கேட்காதீர்கள். கீழ்த்தளத்துக்கு மேலே ‘உயர் தரைத்தளம்’, அதற்கு மேலே ‘மெஸனின்’, அதற்குப் பிறகுதான் ஒன்று என்று எண்ணத் தொடங்குவார்கள். மூன்றாம் மாடி என்பார்கள், ஏறி முடிக்கும்போது ஐந்தாக இருக்கும். உங்கள் அம்மாவை அழைத்துப் போவதாக இருந்தால் லிஃப்ட் தரையிலிருந்து புறப்படுகிறதா, அரை மாடி ஏறிய பிறகு புறப்படுகிறதா என்பதையும் நேரில் நின்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.