கீமோ போர்ட்: வாசகர் கேள்விகள்

கேள்வி: போர்ட் வைத்து மூன்று நாள் ஆகிறது. மார்பைவிடக் கழுத்துதான் அதிகம் வலிக்கிறது. தலையைத் திருப்பினால் உள்ளே இழுக்கிறது. போர்ட் நகர்ந்துவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. போர்ட் என்பது கீமோ மருந்து ஏற்றுவதற்காக மார்புத் தோலுக்கடியில் வைக்கும் சின்னக் கருவி. அதிலிருந்து கிளம்பும் மெல்லிய குழாய், தோலுக்கடியிலேயே காறை எலும்பைத் தாண்டி மேலேறி, கழுத்துச் சிரைக்குள் நுழைந்து, இதயத்தின் வாசலில் முடிகிறது. குழாய்க்கு வழி ஏற்படுத்திய இடமெல்லாம் உள்ளே புண்ணாக இருக்கும். அதனால்தான் இழுக்கிறது. ஒரு வாரத்தில் அடங்கிவிடும். ரத்தக்கட்டின் நிறம் மறைய இரண்டு வாரம்கூட ஆகலாம்.

பயந்துகொண்டு கையை உடம்போடு ஒட்டியே வைக்காதீர்கள். தோள் இறுகி, அது தனி வலியாகும். தலை வாரலாம், சட்டை மாட்டலாம். 4, 5 கிலோவுக்கு மேல் தூக்குவதை மட்டும் இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். மேடு தட்டுப்படுகிறதே என்று விரலால் உருட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், போர்ட் உள்ளேயே புரண்டுவிடும்.

வலிக்குப் பாரசிட்டமால் போதும். ஆனால் கீமோ தொடங்கியபின், மாத்திரைக்கு முன்னால் தெர்மாமீட்டர் வையுங்கள். மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட் தொட்டால், இரவானாலும் மருத்துவமனைக்குப் பேசுங்கள். காயம் சிவந்து சூடாவது, சீழ், போர்ட் இருக்கும் பக்கத்துக் கையோ கழுத்தோ வீங்குவது ஆகியவையும் அப்படியே. மூச்சு வாங்கினால் போன் செய்து காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: எப்போது குளிக்கலாம்?

பதில்: டிரெஸ்ஸிங் நனையாமல் இரண்டு நாள். பிறகு ஷவர் போதும், தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். நீச்சலும் தொட்டிக் குளியலும் காயம் முழுதாக மூடிய பிறகுதான்.

கேள்வி: சலைன் உள்ளே போகிறது, ரத்தம் திரும்ப வரவில்லை என்று நர்ஸ் கீமோவை நிறுத்தி வைத்தார். மருந்து போகும்போது என்ன தடை?

பதில்: அவர் செய்தது சரி. குழாய் நுனியில் ஃபைப்ரின் என்ற புரதம் உறைபோலப் படரும். தள்ளும்போது விலகி வழிவிடும். இழுக்கும்போது வாயை அடைத்துக்கொள்ளும். பல நேரம் காரணம் இவ்வளவுதான். ஆனால் ஊசி போர்ட்டுக்குள் இறங்காமல் பக்கத்துச் சதையில் நின்றாலும், குழாயில் கசிவு இருந்தாலும் இதே அறிகுறிதான். சில கீமோ மருந்துகள் சிரைக்கு வெளியே கசிந்தால் சதையையே அழுகச் செய்யும். எது காரணம் என்று தெரியாமல் ஏற்ற முடியாது.

முதலில் கையைத் தூக்கச் சொல்வார்கள், இருமச் சொல்வார்கள், புரண்டு படுக்கச் சொல்வார்கள். 10 மில்லி சிரிஞ்சில் சலைனை விட்டு விட்டுத் தள்ளுவார்கள். சின்ன சிரிஞ்சில் அழுத்தம் கூடும், குழாய் கிழியலாம். அதற்கும் மசியாவிட்டால் உறைவைக் கரைக்கும் அல்டிபிளேஸ் என்ற மருந்தை 2 மில்லிகிராம் குழாய்க்குள் விட்டு அரை மணி முதல் இரண்டு மணி நேரம் காத்திருப்பார்கள். பிறகும் வராவிட்டால் சாயம் செலுத்தி எக்ஸ்ரே.

கேள்வி: ஊசி குத்தும் வலிக்கு மரப்புக் களிம்பு தடவலாமா?

பதில்: தடவலாம், புதுக் காயத்தின் மேல் மட்டும் கூடாது. குத்துவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மேட்டின் மேல் கனமாக வைத்து, பிளாஸ்டிக் உறையால் மூடுங்கள். தேய்த்துவிட்டால் பலன் குறையும்.