அடுத்தவர் பேசுவதை நன்றாகக் காது கொடுத்துக் கேட்கப் பழகுவது எப்படி?

குறுக்கே பேசாமல், மனதில் வாங்கிக் கேட்க என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இதை என் அப்பாவிடம்தான் கற்றுக்கொண்டேன். இன்னும் முழுசாக வரவில்லை.

எங்கள் ஊர் கோயமுத்தூர் மாவட்டம் சோமனூர் பக்கம். அப்பா 30 வருடத்துக்கு மேல் விசைத்தறி ஓட்டியவர். தறிக் குடோனுக்குள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் பாதிதான் காதில் விழும். அங்கே வேலை செய்பவர்கள் எதிராளியின் வாயையும் கண்ணையும் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பார்கள். அந்தச் சத்தத்திலேயே அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. “சத்தம் கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புடிபடல” என்பார்.

போன வருடம் தங்கச்சி ஊருக்கு வந்திருந்தாள். “அவருக்கு ராத்திரி தூக்கமே வர்றதில்லீங்கண்ணா” என்றாள். அவள் வாய் மூடுவதற்குள் கோயமுத்தூரில் எந்த டாக்டரைப் பார்க்கலாம் என்று ஆரம்பித்துவிட்டேன். “சரிங்கண்ணா” என்று எழுந்து போகப் பார்த்தாள். அப்பா டிவியை நிறுத்தினார். நாற்காலியை அவளுக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

“சொல்லு கண்ணு. அப்புறம்?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்பாவும் அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மறுபடியும் “அப்புறம்?”

மூன்றாவது ‘அப்புறம்’முக்குத்தான் விஷயம் வெளியே வந்தது. மாப்பிள்ளை தன்னுடைய 4 தறிகளையும் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிட முடிவு செய்திருக்கிறார். அதை எங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் தூக்கம் வராத பேச்சில் ஆரம்பித்திருக்கிறாள். என் டாக்டர் யோசனை அவள் வாயை அடைத்திருக்கும். இப்போது நினைத்தாலும் மனசு உறுத்துகிறது.

உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் 1957-ல் இதைப் பற்றியே எழுதினார்கள். ‘ஆக்டிவ் லிசனிங்’ (ஈடுபாட்டோடு கேட்பது) என்ற பெயர் அவர்கள் வைத்ததுதான். நாம் நல்லெண்ணத்தில் சொல்லும் யோசனைகூட, எதிரில் இருப்பவருக்குத் தன்னை மாற்றப் பார்ப்பதாகவே படும் என்கிறார்கள். சொல்லோடு அதன் பின்னால் இருக்கும் உணர்வையும் கவனிக்க வேண்டும், புரிந்ததை நம் வார்த்தையில் திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று பார்க்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. திருப்பிச் சொல்வது எனக்கு ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. “தறி போறதைவிட, ஊர்ல என்ன பேசுவாங்கன்னுதான் மாப்பிள்ளைக்குக் கவலையா?” என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். “இல்லீங்கண்ணா, அது அவங்கய்யன் வாங்கிப் போட்ட தறி” என்றாள். நான் புரிந்துகொண்டது தப்பு என்று கேட்டதால்தான் தெரிந்தது.

நீங்கள் ஒன்றே ஒன்றிலிருந்து ஆரம்பிக்கலாம். எதிரில் இருப்பவர் நிறுத்தியதும் மூச்சு ஒருமுறை இழுத்து விடுங்கள். நிறுத்திவிட்டார் என்று நாம் நினைக்கும் இடத்தில்தான் பலர் அடுத்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். போனில் முகம் தெரியாது என்பதால் இது இன்னும் கஷ்டம். போன் வந்தால் நான் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையே கூப்பிட்டார். இரண்டு தடவைதான் “அப்புறங்க மாப்ள?” என்றேன். அப்புறம் முக்கால் மணி நேரம் அவர் பேசினார், அவங்கய்யன் முதல் தறி வாங்கி வந்த நாளிலிருந்து.