உங்கள் அண்ணி எந்தத் தவறும் செய்யவில்லை

அன்புள்ள ஐயா,
சிகரெட்டைத் தொட்டே அறியாத என் அண்ணிக்கு நுரையீரல் புற்றுநோய். ஈஜிஎஃப்ஆர் என்ற நொதி ஓயாமல் இயங்குவதாகச் சொல்லி மருத்துவர் மாத்திரை தந்திருக்கிறார். அதைக் குறைக்க என்ன சாப்பிடலாம்? ஏர்கான் அறையில் தூங்கியதும் ஐஸ் தண்ணீர் குடித்ததும்தான் காரணம் என்கிறார்கள் உறவினர்கள்.
மலர்விழி, ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள மலர்விழி,

அந்த நொதியை அடக்கும் உணவு எதுவும் கிடையாது. மூலிகைச் சாறுகளில் சில மாத்திரையின் வேலையையே கெடுக்கும். மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

உறவினர் பேச்சுதான் என்னை எழுத வைத்தது. 1990களில் என் பெரியம்மாவும் இதே நோயில் போனார்; அவரும் புகைத்தவரில்லை. புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலைக் கிடத்தியிருக்க, பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தபடி ஒருவர், ஈரத்தலையோடு படுத்ததால் வந்த வினை என்று விளக்கிக்கொண்டிருந்தார். பெரியம்மாவின் மகள் பக்கத்திலேயே நின்று கேட்டாள். பல ஆண்டுகள் அவள் அதை நம்பினாள்.

ஈஜிஎஃப்ஆர் உயிரணுவின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பி, அதாவது வெளியிலிருந்து வரும் சமிக்ஞையை வாங்கும் புரதம். அதன் உட்பகுதி டைரோசின் கைனேஸ் என்னும் நொதி. வளர்ச்சிக் காரணி என்னும் தூதுப் புரதம் வந்து ஒட்டும்போது இரண்டு ஏற்பிகள் இணைந்து, ஒன்று மற்றொன்றில் பாஸ்பேட்டைப் பொருத்த, அந்தச் சமிக்ஞை ராஸ் முதலிய புரதங்கள் வழியே உட்கருவை எட்டி உயிரணுவைப் பெருகச் சொல்கிறது. பிறகு வேறு நொதிகள் பாஸ்பேட்டைக் கழற்றிவிட, சமிக்ஞை அடங்குகிறது. 2004இல் தெரியவந்தது இதுதான்: இதன் மரபணுவில் 19ஆம் எக்ஸான் என்னும் பகுதியில் ஒரு சிறு துண்டு விடுபட்டாலோ, புரதத்தின் 858ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஆர்ஜினின் என்ற இன்னொன்று அமர்ந்தாலோ, வளர்ச்சிக் காரணி வராமலே நொதி இயங்கிக்கொண்டிருக்கும். கிழக்காசியர்களிடமும், புகைக்காதவர்களிடமும், பெண்களிடமும் இந்த மாற்றம் கூடுதலாகக் காணப்படுகிறது. பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதில்லை; வாழ்நாளின் நடுவே நுரையீரலின் ஓர் உயிரணுவில் நேர்வது.

ஐஸ் தண்ணீர் லியூசினை ஆர்ஜினினாக மாற்றாது. ஏர்கான் மாற்றாது. ஈரத்தலை மாற்றாது. இவ்வளவு படித்த நீங்கள் அந்தப் பேச்சை எனக்கு எழுதும் அளவுக்கு மனத்தில் வைத்திருந்தது எனக்குக் கோபம் தருகிறது. அண்ணி வீட்டில் அதை மறுபடி எவர் தொடங்கினாலும், பெரியவர் என்று பார்க்காமல் எழுந்து நின்று நிறுத்துங்கள். அண்ணிக்கு நீங்கள் இருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரியட்டும்.

ஒசிமெர்டினிப் போன்ற மாத்திரைகள் அந்த நொதியின் செயலிடத்திலேயே பிணைந்து அதை முடக்குகின்றன. நாளடைவில் கட்டி மாத்திரைக்கு அடங்காமல் வளர வேறு வழி தேடக்கூடும். ஆகையால் ஸ்கேனில் கட்டி சுருங்கித் தெரிந்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அடுத்த ஸ்கேன் தேதியையும் தள்ளிப்போடாதீர்கள்.