வாசகர் கேள்வி - பதில்: பாட் 1966 என்றால் கிட்டாரும் 1966-ஆ?

கேள்வி: பழைய ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றைப் புதுப்பிக்கப் பிரித்தேன். வால்யூம் பாட்டின் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் மின்தடைத் திருகியின்) முதுகில் 1376634 என்று பொறித்திருக்கிறது. பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் சேடில்களில் ‘பேட். பெண்ட்.’ (காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளோம்) என்ற முத்திரை. 1966-இல் செய்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அந்த எண்ணைப் பிரித்துப் படிக்க வேண்டும். 137 என்பது சி.டி.எஸ். நிறுவனத்தின் குறியீடு. (304 என்றிருந்தால் ஸ்டாக்போல் நிறுவனம்.) 66 ஆண்டு, 34 வாரம். ஆக, 1966 ஆகஸ்ட் கடைசிவாக்கில் தயாரான பாட் இது. பாட் முதலிலிருந்தே இருப்பதுதான் என்றால், கிட்டார் அதற்கு முந்தியதில்லை என்பது மட்டும் உறுதி. எவ்வளவு பிந்தியது என்பதை அது சொல்லாது. ஃபெண்டர் 1966-இல் பாட்களை மொத்தமாக வாங்கிக் குவித்தது. 1969 கிட்டார்களில்கூட அந்தச் சரக்கு கிடைக்கிறது.

எண்ணைவிடச் சால்டரை (கம்பியைப் பாட்டோடு இணைக்கும் ஈயப்பற்றை) முதலில் பாருங்கள். ஆலையில் வைத்த பற்று ஒரே மாதிரி மங்கியிருக்கும். ஒன்று மட்டும் பளபளப்பாகவோ, சுற்றிலும் கருகிய ஃப்ளக்ஸோடோ (சால்டர் ஒட்ட உதவும் பிசினோடோ) இருந்தால் அந்தப் பாட்டை யாரோ மாற்றியிருக்கிறார்கள். மூன்று பாட்களின் வாரங்களும் அருகருகே வந்தால் நம்பலாம். சேடில் முத்திரை இங்கே உதவாது: 1954 முதல் ஏறக்குறைய 1971 வரை அதே எழுத்துதான். கழுத்தைக் கழற்றி அடிப்பகுதியில் தேதி முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதே அடுத்த வேலை.

காப்புரிமை எழுத்துகளை நாள்காட்டியாக நினைப்பதுதான் இந்த வேலையில் பலரும் சறுக்கும் இடம். கிப்சன் நிறுவனத்தின் ஹம்பக்கர் பிக்கப்புக்கு (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்) காப்புரிமை 1959 ஜூலையில் கிடைத்துவிட்டது. ஆனாலும் ‘விண்ணப்பித்துள்ளோம்’ என்ற லேபிளையே ஏறக்குறைய 1962 வரை ஒட்டினார்கள். பிறகு வந்த லேபிளில் 2,737,842 என்ற எண். வேடிக்கை என்னவென்றால், அது பிக்கப்பின் எண்ணே இல்லை. தந்திகளின் முனையைப் பிடித்துக்கொள்ளும் ஒரு டெயில்பீஸின் எண்! பிக்கப்புக்குரியது 2,896,491.

கேள்வி: குளூசன் டீலக்ஸ் டியூனர்களின் (தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகிகளின்) பிளாஸ்டிக் காதுகள் கையில் பொடிகின்றன. காலம் கணிப்பது எப்படி? காதை மட்டும் மாற்றலாமா?

பதில்: மூடியின் முதுகைப் பாருங்கள். எழுத்தே இல்லையென்றால் சுமார் 1956 வரை. ஒற்றை வரி என்றால் 1964 வரை. இரட்டை வரி அதற்குப் பிறகு. மறுதயாரிப்புகளிலும் இதே வரிகள் வருகின்றன என்பதால், கழற்றியதும் மரத்தைப் பாருங்கள்: பாலிஷில் பழைய தடம் டியூனரோடு பொருந்துகிறதா, கூடுதல் ஸ்குரூ துளைகள் உண்டா?

காதை மட்டும் மாற்றலாம். பழையது செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்காக இருந்தால் தீப்பற்றும். சூடுகாட்டாமல் உடைத்தே எடுங்கள். தண்டைத் துடைத்து, புதுக் காதைப் பசையில்லாமல் ஒருமுறை செருகிப் பாருங்கள். காதுக்கும் உடலுக்கும் நடுவில் மடித்த அட்டைத் துண்டை வையுங்கள். ஆறு காதுகளும் ஒரே இடைவெளியில் நிற்கும். பிறகு ஒரு சொட்டு சூப்பர் க்ளூ போதும். அதிகமானால் தண்டு வழியே இறங்கிப் பற்சக்கரத்தைப் பிடித்துவிடும்.

கேள்வி: பிரிட்ஜ் ஸ்குரூ துருவில் இறுகிவிட்டது. புது ஸ்குரூவோ பாதியில் நின்றுவிடுகிறது.

பதில்: பிரிட்ஜைக் கழற்றி, துரு நீக்கும் எண்ணெயில் ஓர் இரவு ஊறவையுங்கள். மரத்தில் இறங்கிய ஸ்குரூவுக்கு எண்ணெய் வேண்டாம், கறை பிடிக்கும். சால்டரிங் அயர்ன் நுனியைத் தலையில் அரை நிமிடம் வைத்து, ஆறியதும் திருப்புங்கள்.

புதியது நிற்கக் காரணம் மரை. அமெரிக்கப் பிரிட்ஜ்களில் பெரும்பாலும் 4-40 என்ற அங்குல அளவு, வெளிவிட்டம் 2.84 மி.மீ., மரை இடைவெளி 0.635 மி.மீ. மெட்ரிக் எம்3 ஸ்குரூவுக்கு இவை 3 மி.மீ., 0.5 மி.மீ. ஓரிரு சுற்று ஏறும், பிறகு இறுகும். விசை கொடுத்தால் சேடிலின் மரை போய்விடும்.

நிக்கல் முலாமை மெருகுப் பசையால் தேய்க்காதீர்கள். மஞ்சள் மங்கலோடு அடியிலிருக்கும் பித்தளையும் தெரியத் தொடங்கும். ஈரத்துணியும் பழைய பல்துலக்கியுமே போதும். செல்லுலாய்டு பிக்கார்டு (கிட்டாரின் உடலைக் கீறாமல் காக்கும் தகடு) இருந்தால் அதைத் தனியாக வையுங்கள். அது வெளியிடும் ஆவி பெட்டிக்குள் இருக்கும் உலோகத்தையெல்லாம் அரித்துவிடும்.